டீசல் டாங்கிக்குள் இருந்த குங்குமப்பூ

கல்முனைக்குடி,
22.03.1986, சனிக்கிழமை.

அன்பு மகன் காலிதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளையும் அல்லாஹ் நோய் நொடியில்லாமல் வைத்திருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான், அது புதினமல்ல. முதலில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதற்குப் போகிறேன். என்னைப் பற்றி ஊரில் ஒரு கதை நடக்கிறது. மருமகன் மஜீட் உனக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதிப் போட்டிருப்பதாக உன் தங்கச்சி றம்லா வாய்தவறிச் சொன்னாள், அந்தக் கதை அதிலும் இருக்கும். அதாவது, டிரைவர் செல்லத்தம்பியைக் காப்பாற்றுவதற்காக உம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டா, வயதும் போய்விட்டது, வாப்பா மௌத்தானதிலிருந்து புத்தியும் ஒரு நிலையில் இல்லை என்று. மகன், இதில் ஒன்றுதான் சரி. எனக்கு வயது அறுபத்தேழு. மற்றதெல்லாம் பிழை. நான் யாரையும் காப்பாற்றப் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதுதான் நடந்தது. பொய் சொல்லி நல்லவள் என்று பெயர் எடுப்பதைவிட உண்மையைச் சொல்லி மடைச்சி என்று பெயர் எடுப்பது மேல் என்று நினைத்தேன், அந்தப் பெயரைக்கூட இந்த ஊர் எனக்குத் தரமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் வாப்பாவின் மையித்தை எடுத்துக்கொண்டு போன நாளில்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை மருமகனின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஆறுதலாக, ஒரு வரியும் விடாமல் வாசி.

இந்த மாதம் பத்தாம் திகதி, திங்கட்கிழமை. சவளக்கடையில் நம்முடைய வயலில் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. மருமகனின் உம்மா முனவ்வறாவும், அவவின் இரண்டு பெண்மக்களும், வேலையாட்களுமாகப் பதினான்கு பேர் ஞாயிற்றுக்கிழமையே போய்க் களத்தில் வாடி போட்டுத் தங்கியிருந்தார்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு லொறி போய் நெல்லையும் ஆட்களையும் ஏற்றிவர இருந்தது. எட்டரை மணிபோல் சைக்கிளில் ஒருவன் கத்திக்கொண்டு போனான், அங்காலே ஒரு பஸ்ஸை மறித்துவிட்டார்களாம், வீதி அடைபடப் போகிறதாம் என்று. யார் மறித்தது, எந்த இடத்தில், ஒன்றும் தெரியாது. ஆனால் பஸாரில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் நம் வளவு வரைக்கும் கேட்டது. போன வருஷம் சித்திரையில் தமிழ் ஆட்களுக்கும் நமக்கும் இடையில் நடந்தவற்றை நீ அங்கே பத்திரிகையில் படித்தாய், நாங்கள் அதற்குள் இருந்தோம். மருமகன் வளவுக்குள் மேலும் கீழும் நடந்தார். பதினான்கு பேர் கிட்டங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவர்களைக் கொண்டுவர இருந்தது உன் பெயரில் பதிந்திருக்கிற அந்தப் பழைய லொறி ஒன்றுதான். அது ஸ்டார்ட் எடுக்கவில்லை.

செல்லத்தம்பி அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம், வராவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எல்லோரும் கதவைச் சாத்துகிற நேரத்தில் அந்த மனிதன் தமிழ் ஆட்கள் இருக்கிற பாண்டிருப்பிலிருந்து நம்முடைய முஸ்லிம் தெருக்களுக்குள்ளால் சைக்கிளில் வந்து, வழக்கம்போல் சைக்கிளைத் தென்னையில் சாத்திவிட்டு, லொறியில் ஏறித் திறப்பைப் போட்டான். செல்ப் நன்றாகச் சுற்றியது. நான் என் அறை ஜன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பட்டறி இறங்கினால் சுற்று இழுத்து இழுத்து வரும் என்பது உன் வாப்பாவோடு முப்பது வருஷம் வாழ்ந்த எனக்குத் தெரியாதா, இது அப்படியல்ல. திரும்பத் திரும்பச் சுற்றினான். புகைக்குழாயால் வெள்ளையாக ஆவிபோல் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அவன் இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, ‘உம்மா, பட்டறியில பிழை இல்ல, ஆள் நல்லாச் சுத்துது, ஆனா பிடிக்குதில்ல’ என்றான். காற்றுப் பிடித்திருக்கும், பில்டர் நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்துப் பார் என்றேன். அடித்தான். முட்டை முட்டையாகக் காற்று வந்தது, பிறகு டீசல் வந்தது, நட்டை இறுக்கிச் சுற்றினால் திரும்பவும் அதே வெள்ளை ஆவி. அதற்குள் மருமகன் ஆள் அனுப்பிக் கராஜ் பக்கீர் முகைதீன் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கராஜ்காரனுக்குப் பின்னால் பார்க்க வந்தவர்கள் இருபது பேர். வளவு முழுக்க ஆட்கள், எல்லோருக்கும் பயம், பயந்த ஆட்கள் கூடுகிற இடத்தில் ஆளுக்கொரு மெக்கானிக் வேலை தெரியும்.

பாஸ் பம்பைச் சொன்னான், இன்ஜெக்டரைச் சொன்னான், கழற்ற வேண்டுமென்றான், கழற்றினால் நாளைக்குத்தான் பூட்டலாம் என்றான். அப்போதுதான் நான் அலுமாரியைத் திறந்து லொறியின் அந்த இங்கிலீஸ் புத்தகத்தை எடுத்தேன். நீ சின்னவனாக இருந்தபோது நான் வாசித்துச் சொல்ல, உன் வாப்பா நிலத்தில் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ‘மறுகா என்ன போட்டிரிக்கி, மறுகா என்ன’ என்று கேட்டுக் கேட்டுப் பூட்டுவாரே, அதே புத்தகம். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, என்ஜின் சுழல்கிறது ஆனால் பிடிக்கவில்லை என்ற பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். செல்லத்தம்பி அந்த நேரத்திலும் சிரித்துக்கொண்டு, ‘உம்மா இங்கிலீசில ஏசினாத்தான் இந்த ஆள் எழும்பும், தமிழில ஏசி ஏசி எனக்கு வாய் நோகுது’ என்றான், இரண்டொருவர் சிரித்தார்கள். டாங்கியில் டீசல் இருக்கிறதா என்றேன். கம்பு விட்டுப் பார்த்து, அடியில் கொஞ்சம் கிடக்கிறது, சனிக்கிழமை பெற்றோல் செட்டில் டீசல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றான். குழாய் அடைத்திருக்கிறதா, இல்லை. பில்டர் அடைத்திருக்கிறதா, இல்லை. ஏழாவது வரியை நான் என் வாயாலேயே வாசித்தேன். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். வாசித்த பிறகு அடுத்த வரி என் கண்ணுக்குத் தெரியவில்லை.

செல்லத்தம்பி ஒரு சுத்தமான கண்ணாடிப் போத்தல் கேட்டான். நான்தான் சர்பத் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து ஜன்னலால் கொடுத்தேன். டாங்கியின் அடியிலிருந்து பிடித்து ஜன்னல் கட்டில் வைத்தான். பத்து நிமிஷம் அசையாமல் நின்றது. மேலே டீசல், கீழே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டும் சேர்கிற இடத்தில் மெல்லிய சிவப்பு நார் மூன்று மிதந்துகொண்டிருந்தன. பக்கீர் முகைதீன் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது வேர். இது தானா வந்த வருத்தமில்ல, ஆரோ குடுத்த வருத்தம். டாங்கிக்குள்ள செய்வினை போட்டிரிக்கான்’ என்றான். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுதான், பின்னால் நின்ற ஒருவன், ‘பாண்டிருப்பான நம்பி லொறியக் குடுத்தா இப்பிடித்தான். எங்கட ஆக்கள் அங்க மாட்டட்டும் எண்டு செஞ்சிரிக்கான்’ என்றான். பிறகு எல்லோரும் கதைத்தார்கள். மகன், அது வேரல்ல. போன நோன்புக்கு நீ சவூதியில் தம்மாமிலிருந்து சின்ன டப்பாவில் அனுப்பிய குங்குமப்பூ.

இனி நான் எழுதுவதை வாசித்துச் சிரிக்காதே. மார்கழி மாதம் தொடங்கி, வீதியில் அங்கே மறிக்கிறார்கள் இங்கே இறக்குகிறார்கள் என்று நாளுக்கொரு கதை வந்தபோது, லொறிக்கும் அதில் போய்வருகிற உயிர்களுக்கும் காவலாக இருக்கட்டுமென்று பள்ளி லெவ்வையைக் கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்துகள் எழுதுவித்தேன். அதைப் பன்னீர் விட்டுக் கழுவினால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு வரும். மை கரைத்த கிண்ணத்தில் மிஞ்சியதையும் நாரோடு சேர்த்துக் கழுவுவேன், அதையும் வீசக்கூடாது என்பதால். இந்தத் தண்ணீரை லொறியில் எங்கே ஊற்றுவது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். சில்லில் தெளித்தால் அது ஊர் அழுக்கில் உருளும். முகப்பில் தெளித்தால் வடிந்து நிலத்தில் விழும், நாலு பேரின் காலில் மிதிபடும். ரேடியேற்றர் ஒழுகுகிறது, அதில் விட்டால் கல்முனையிலிருந்து சவளக்கடை வரைக்கும் அல்லாஹ்வின் வசனத்தை வீதியில் சொட்டிக்கொண்டு போவதாகும். டீசல் டாங்கிக்கு இறுக்கமான மூடி உண்டு, ஒழுக்கில்லை, உள்ளே போனது நெருப்பில்தான் போய்ச் சேரும். பழுதான ஓதற்கிதாபின் தாள்களை மண்ணில் போடாமல் எரிக்கத்தானே செய்கிறோம் என்று நினைத்தேன். நினைத்து, ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் போயிருக்கிற நேரத்தில், பன்னிரண்டு வெள்ளிக்கிழமை, என் கையால், ஒரு துளி வெளியே சிந்தாமல் ஊற்றினேன். ஒரு கோப்பைத் தண்ணீர் நாற்பது கலன் டாங்கிக்கு என்ன செய்யும் என்றுதான் எண்ணினேன். பன்னிரண்டு கோப்பை அடியில் கிடந்து கூடும் என்பதும், டீசல் குறைந்த நாளில் அதுதான் முதலில் குழாய்க்குள் ஏறும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. எரிபொருளில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ளும்படி அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. உன் வாப்பாவுக்கு அதை வாசித்துச் சொன்னவளும் நான்தான்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை. இருபது ஆண்கள் வளவுக்குள் நிற்கிறார்கள், ஒருவன் கையில் லொறி சுற்றுகிற இரும்புக் கம்பி, மருமகனின் முகம் சாம்பல் நிறம், அவருடைய உம்மா வயலில். இவ்வளவு நேரம் திரைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் வரி வரியாகப் பாடம் சொன்ன நான், இதைச் செய்த மடைச்சி நான்தான் என்று எந்த வாயால் சொல்வது. பயமும் பெருமையும் சேர்ந்து என் வாயைப் பொத்திவிட்டன, எதற்கு எவ்வளவு பங்கு என்று எனக்கே தெரியாது. போத்தலை எடுத்து முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். செல்லத்தம்பி என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். கன்னியர் மடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், பொய் சொன்ன பிள்ளையைக் கால்மணி நேரம் முழந்தாளில் நிறுத்துவா, வாய் திறக்காமல் இருந்த பிள்ளையை அரைமணி நேரம் நிறுத்துவா. அது அநியாயம் என்று அந்த நாளில் நான் வீட்டில் வந்து அழுதிருக்கிறேன்.

பிறகு வேலையெல்லாம் செய்தது செல்லத்தம்பிதான். டாங்கியை முழுக்க இறக்கினான். பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினான். நெல் ஆலையிலிருந்து இரண்டு கான் டீசல் வாங்கிவந்து துணியில் வடித்து ஊற்றினான். ஒவ்வொரு குழாயாக நட்டைத் தளர்த்தி, பாஸைச் சுற்றச் சொல்லி, காற்றும் தண்ணீரும் போய் வெறும் டீசல் பீச்சும்வரை பார்த்துப் பார்த்து இறுக்கினான். சுற்றிச் சுற்றிப் பட்டறி இறங்கிவிட்டது, ஆலைப் பட்டறியைக் கழற்றி வந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கம்பியோடு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவன் திரும்பாமல் வேலை செய்தான். லுஹர் போய், பின்நேரம் அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் என்ஜின் இரண்டு முறை இருமியது, கரும்புகை தள்ளியது, பிடித்துக்கொண்டது. நான் தொழுகைப் பாயிலிருந்து எழும்பவில்லை. காவலுக்கென்று இரண்டு பேர் அவன் பக்கத்தில் ஏறிக்கொள்ள, அவன் சவளக்கடைக்குப் போனான். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் என்ன ஓதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஒருவருக்கு ஒரு கீறல்கூட இல்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்தான். மறித்த பஸ் என்று ஊரைக் கதவடைக்க வைத்தது என்ன தெரியுமா, தானாகவே பழுதாகி வீதியில் நின்ற பஸ். அதுவும் ஸ்டார்ட் எடுக்கவில்லையாம்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். லொறியை விட்டு இறங்கியவனை வளவு வாசலில் பிடித்துக்கொண்டார்கள். பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்துதான் லொறியைச் சரியாக்கினான், இல்லாவிட்டால் செய்திருக்கமாட்டான் என்றார்கள். ஒருவன் கன்னத்தில் அடித்தான். உன் வாப்பாவின் காலத்திலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டுச் சோறு தின்றவன், நீ பிறகு லைசன்ஸ் எடுத்ததே அவன் பழக்கித்தான். அவன் கழன்று விழுந்த செருப்பைக் குனிந்து தேடினான். அப்போதுதான் நான் போத்தலோடு வெளியே வந்தேன். ஆண்கள் நடுவில் முக்காடில்லாமல் நின்றேன் என்றும் ஒரு கதை உண்டாம். முக்காடு இருந்தது, செருப்புத்தான் இல்லை. தண்ணீர் நான் ஊற்றியது, நார் என் குங்குமப்பூ, அவனை விடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு ஒருவன், ‘உம்மா கொன்வென்டுல படிச்சவ, இங்கிலீசுப் புத்தகம் பார்த்து லொறி பழுது பார்க்கிறவ, அவவா டீசலுக்குத் தண்ணி ஊத்துவா’ என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். லெவ்வையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த மனிதர், ‘நான் குடிக்கத்தான் எழுதிக் குடுத்தன் கா, லொறிக்கு வயித்துவலியெண்டு ஆரும் எனக்குச் சொல்லல்ல’ என்றார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் போத்தலை உயர்த்திக் காட்டினேன். மருமகன் மெதுவாக, மரியாதையாகவே சொன்னார், ‘மத்தியானத்திலிருந்து போத்தல் உங்கட கையிலதானே இருந்திச்சு மாமி. வேர எடுத்திட்டுக் குங்குமப்பூவப் போட்டிரிக்கீங்க. உங்கட மனசு எங்களுக்குத் தெரியும், நீங்க உள்ளுக்குப் போங்க கா’ என்று. போத்தல் என் கையில்தான் இருந்தது. நான் மறைத்த அந்த ஐந்தாறு மணித்தியாலம் என் சாட்சியைத் தின்றுவிட்டது. அவனை அன்றைக்கு வீட்டுக்குப் போக விட்டார்கள், அவ்வளவுதான்.

மருமகனை நான் கெட்டவர் என்று எழுதவில்லை, நீயும் அப்படி நினைக்காதே. தன் உம்மா அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டா என்று அன்று காலை அவர் நடந்த நடையை நான் பார்த்தேன், அந்தப் பயம் அவருக்கு இன்னும் இறங்கவில்லை. றம்லாவுக்கு நல்ல புருஷன், எனக்குக் காய்ச்சல் என்றால் இரவோடிரவாக டொக்டரைக் கொண்டுவருகிறவர். ஆனால் பயந்த மனிதன் எழுதுகிற முறைப்பாட்டை நான் இப்போது பார்த்துவிட்டேன். படை முகாமில் கொடுப்பதற்காக எழுதி, பெரிய வீட்டு மேசையில் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். செல்லத்தம்பியின் முழுப் பெயரும், பாண்டிருப்பு விலாசமும், பயங்கரமான நோக்கத்தோடு வாகனத்துக்குச் சேதம் செய்தான் என்றும் அதில் இருக்கிறது. லொறி உன் பெயரில் இருப்பதால் சொந்தக்காரனின் எழுத்து வந்தால்தான் அதைக் கொடுக்கலாம் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், உன் கடிதம் வரும்வரைதான் அந்தத் தாள் லாச்சிக்குள் இருக்கும். இந்த நாளில் அப்படியொரு தாளில் பெயர் ஏறின தமிழ் ஆள் காலையில் விசாரணைக்குப் போனால் மத்தியானம் சோற்றுக்கு வருவான் என்று யாரால் சொல்ல முடியும். உனக்கு இதற்கு மேல் விளக்கி எழுத எனக்குத் தைரியமில்லை, கடிதங்களை யார் யார் பிரிக்கிறார்களோ தெரியாது.

நாலாம் நாள் காலை அவனுடைய பெண்சாதி தங்கேஸ்வரி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, வாசல் கடப்படியில் நின்றாள். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த லொறித் திறப்பை அவிழ்த்து என் கையில் வைத்து, ‘இவர் வெளியால போறல்ல உம்மா. திறப்பக் குடுத்திட்டு வரச் சொன்னாரு’ என்றாள். நான் அவளிடம், தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று அவரிடம் சொல் மகள், ஊர் நம்பாவிட்டாலும் அவர் நம்ப வேண்டும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘அவருக்குத் தெரியும் உம்மா. தையில ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோன தொப்பிய எடுக்க வந்தவர், நீங்க ஊத்துறத வாசலில நிண்டு கண்டவராம். உம்மாட நம்பிக்கை, நான் என்ன சொல்ல, கிழமைக்கு ஒருக்கா பில்டரைக் கழுவினாச் சரி எண்டு சொன்னவரு’ என்றாள். மகன், மாசி மாதத்தில் இரண்டு தரம் அவன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, ‘பில்டரில தண்ணி கிடக்கு உம்மா, மழைத்தண்ணி போல, மூடி ரப்பர மாத்திப் பாக்கிறன்’ என்று சொன்னான். என்னை வெட்கப்படுத்தாமல் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஓம் ஓம், மாற்று என்று நானும் முதலாளியம்மா மாதிரிச் சொன்னேன். அன்று போத்தலை நான் மறைத்தபோது அவன் பார்த்த பார்வையும் அதுதான். அடி விழும்போதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் போன பிறகு நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன், றம்லா வந்து என்ன உம்மா நெஞ்சு நோவா என்று கேட்டாள்.

நீ என்ஜின் வேலை தெரிந்தவன், ஆகையால் உனக்கு இரண்டு நியாயம் சொல்கிறேன். கெடுதல் செய்ய நினைத்தவன் ஒரே நாளில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவான், மூன்று மாதமாகப் பில்டரில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்காது, வந்ததை அவன் என்னிடம் வந்து சொல்லியிருக்கவும் மாட்டான். அடுத்தது, என்னை உனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தபோது பீங்கான் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று நீ தட்டிவிட்டாய். நிலத்தில் சிந்தியதை நான் என் புது முக்காட்டால் ஒற்றியெடுத்து, அந்த முக்காட்டைத் திரும்பக் கட்டாமல் அடுப்பில் போட்டு எரித்தேன். உன் வாப்பா ஏசினார், நீ கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதைச் செய்தவள் இதைச் செய்யமாட்டாளா என்று நீயே யோசி. இதற்குள் இரண்டு சின்னத் தாள் மடிப்பு வைத்திருக்கிறேன். ஒன்றில் போத்தலிலிருந்து எடுத்த நார், டீசல் மணக்கும். மற்றதில் நீ அனுப்பிய டப்பாவிலிருந்து எடுத்தது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

மற்றப் புதினங்கள் கொஞ்சம்தான். நஸீறாவும் பிள்ளைகளும் போன கிழமை வந்து நின்றுவிட்டுப் போனார்கள். மூத்தவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, இளையவள் உன் பெயரைக் கேட்டால் கசெட் ரெக்கோடரைக் காட்டுகிறாள். நஸீறாவுக்குக் கசெட்டில் பேசி அனுப்புவது சரி, ஆனால் அதை வீட்டில் எல்லோர் முன்னும் போட்டுத்தானே கேட்க வேண்டியிருக்கிறது, புருஷன் பெண்சாதி என்றால் இரண்டு வரி தனியாகவும் இருக்க வேண்டும், மாதம் ஒரு கடிதம் அவளுக்கென்று எழுது. லொறி வளவுக்குள் நிற்கிறது. திறப்பு என்னிடம், கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. மிச்ச நெல்லை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். முனவ்வறா ஒருவர்தான் என்னிடம் வந்து, ‘அவன் எங்களத் தூக்கித் தூக்கி ஏத்தினான் மச்சி, எனக்கு அந்தக் கதை மனசுக்குப் புடிக்கல்ல’ என்று மெல்லமாகச் சொன்னா, மகனுக்கு முன்னால் சொல்ல அவவுக்கும் பயம். லெவ்வையிடம் நான் இனிப் பீங்கான் எழுதுவிக்கவில்லை, துஆவை வாயாலேயே கேட்கிறேன். பஸாரில் பாதிக் கடைகளை அஸரோடு மூடுகிறார்கள். வெளியே லொறிச் சத்தம் கேட்டால், அது எந்த லொறி, எங்கே போகிறது, எந்தச் சந்தியில் திரும்புகிறது என்று காது தானாகப் பின்னால் போகிறது. நீ வெயிலில் வேலை செய்துவிட்டு ஐஸ் தண்ணீர் குடிக்காதே. இருமல் இருந்தால் எழுதாமல் விடாதே, குரலை வைத்துக் கசெட்டிலேயே எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை மருமகனிடம் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டு ஸம்ஸியா தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடுவாள். அவருடைய கடிதம் எனக்குப் பத்து நாள் முந்திப் போயிருக்கிறது. நீ அதற்குப் பதில் எழுதியிருக்கமாட்டாய் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொள்கிறேன், எழுதியிருந்தால் இதை வாசித்த உடனே தந்தி அடித்து அதை நிறுத்து. ஊர் நம்பாததை நீ நம்பினால் போதும், உன் எழுத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். நீ வந்து சேரும்வரை எனக்கு ஆயுளையும், உனக்கு ஈமானையும் சுகத்தையும், உன் கையால் ஒருவருக்கும் தீங்கு வராத வாழ்வையும் அல்லாஹ் தரட்டும். தொழுகையை விடாதே. செல்லத்தம்பிக்கும் துஆச் செய், அவன் நம்மவனா என்று பார்க்காதே.

கசெட் வேண்டாம், வருகிற ஆளிடம் வாய்ச் சொல்லும் வேண்டாம். முறைப்பாடு கொடுக்கக் கூடாது, செல்லத்தம்பி மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, வண்டித் திறப்பு அவனிடமே இருக்க வேண்டும் என்று மூன்று வசனம், உன் கையெழுத்தில், திகதி போட்டு, கீழே ஒப்பம் வைத்து, உம்மாவின் பெயருக்கு எழுதி அனுப்பு.

உன் உம்மா,
மு. சபூறா